பற்றறி மாற்றினால் ஆண்டை மறக்கும் கமரா

1. போன் இருக்கக் கமரா ஏன்?

"அண்ணை, எனக்கு ஒரு சின்னக் கமரா வேணும். ஆனா அதுக்குள்ள ஒருத்தற்ற பேரும் இருக்கக்கூடாது." இப்படிச் சொல்லிக்கொண்டுதான் நிமலன் என் கடைக்குள் வந்தார்.

புளியங்குளம் சந்தியில் எனக்கு ஒரு ஸ்ரூடியோ இருக்கிறது. அடையாள அட்டைப் படம், போட்டோக்கொப்பி, லமினேற்றிங், செத்தவீட்டுக்குப் படம் பெரிதாக்குவது, இவைதான் இப்போது தொழில். பழைய கமராக்களும் விற்பேன். வெளிநாட்டில் இருந்து வந்துபோகிறவர்கள் தங்கள் பழைய கமராவைச் சொந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். சொந்தக்காரர் போனில் படம் எடுப்பார்கள். கமரா என்னிடம் வந்து சேரும். காலையில் பிள்ளையாருக்கு விளக்கு வைத்துவிட்டுக் கடை திறக்கிறேன். அவர் தருகிறது எங்கள் வீட்டுக்குப் போதும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தத் தொழிலுக்கு வருகிற இளம் ஆட்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

நிமலனுக்கு நாற்பது வயதிருக்கும். பருத்தித்துறைப் பக்கம். ஒரு வாரப் பத்திரிகைக்கு எழுதுகிறவர். பஸ்ஸில் வந்து இறங்கி, நடந்தோ இரவல் சைக்கிளிலோ உள்ளூர்களுக்குப் போய், சண்டை முடிந்த நேரத்தில் பிள்ளைகளைத் தொலைத்தவர்களோடு கதைத்து எழுதுவார்.

போனுக்கு என்ன குறை என்று கேட்டேன். கதிரையில் இருந்து ஆறுதலாகச் சொன்னார். ஒருநாள் வழியில் மறித்து, போனை வாங்கிக்கொண்டு போய், கொஞ்ச நேரத்தில் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு, அந்தப் போனில் நம்பர் இருந்தவர்களின் வீடுகளுக்குச் சிவில் உடுப்பில் புலனாய்வு ஆட்கள் போகத் தொடங்கியிருக்கிறார்கள். என்ன கதைத்தாய், ஏன் கதைத்தாய் என்று விசாரணை. ஒரு தாய் இப்போது இவரைக் கண்டால் படலையே திறப்பதில்லை.

"போனை மரியாதையாத்தான் திருப்பித் தந்தவங்கள் அண்ணை" என்றார். "அதுக்குள்ள கிடந்த சனத்தைத்தான் திருப்பித் தரேல்லை."

2. மூன்றில் ஒன்று

மேசையில் மூன்று கமராக்களை எடுத்து வைத்தேன்.

முதலாவது பார்வைக்கு வடிவானது. தூரத்தில் நிற்கிறதைக் கிட்டக் கொண்டுவரும். நிமலன் அதைத்தான் முதலில் தூக்கினார். அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டேன். எங்கே நின்று எடுத்த படம் என்பதைப் படத்துக்குள்ளேயே எழுதி வைக்கிற கமரா அது.

"நீர் வாய் திறக்கத் தேவையில்லைத் தம்பி. உது தானாக் காட்டிக் குடுக்கும்" என்றேன்.

இரண்டாவது தண்ணீரில் விழுந்தாலும் வேலை செய்யும். ஆனால் அதற்கென்று தனியான பற்றறி. அது செத்தால் வவுனியாவிலும் வாங்க முடியாது.

மூன்றாவது தடித்த, வெள்ளி நிறமான, அழகில்லாத ஒன்று. சின்ன ரோச்லைற்றுக்குப் போடுகிற இரண்டு பற்றறிதான் அதற்கும். நெடுங்கேணியில் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். வெளியில் எதோடும் தொடர்பு இல்லை. ஆட்களின் பேரோ நம்பரோ வைத்திருக்க இடமும் இல்லை. ஒரு பூப் படம் போட்ட பொத்தானை அழுத்தினால், விரற்கடை தூரத்தில் இருக்கிறதையும் தெளிவாக எடுக்கும். எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். இவர் போகிற வீடுகளில் ஆட்களைவிடப் பழைய படங்களைத்தான் கூடுதலாகப் படம் எடுக்க வேண்டிவரும்.

"அண்ணை, இது சவுக்காரக் கட்டி மாதிரிக் கிடக்கு."

"சவுக்காரக் கட்டியை ஆரும் பறிக்கமாட்டினம்."

முதல் முறையாகச் சிரித்தார். பிறகு வேலையைச் சொல்லிக் கொடுத்தேன். வன்னியில் அநேகமான வீடுகளில் தொலைந்த பிள்ளையின் படம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதுவும் வெள்ளத்திலும் சேற்றிலும் ஊறிக் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கும். பிரேம் சட்டத்தைக் கழற்றினால் முகம் கண்ணாடியோடு உரிந்து வந்துவிடும். ஆகவே கழற்றவே கூடாது. பிளாஷை நிறுத்தி, படத்தை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, கமராவைக் கொஞ்சம் சரித்துப் பிடிக்க வேண்டும். இன்னொன்றும் சொன்னேன். செத்தவர்களின் படம் பொட்டோடும் மாலையோடும் சுவரில் தொங்கும். தொலைந்தவர்களின் படத்தைத் தொங்கவிட மாட்டார்கள். துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்திருப்பார்கள். அவர்களாக எடுத்துத் தரும்வரை கேட்கக்கூடாது.

படத்தின் மூலையில் திகதி விழுகிறமாதிரிச் செய்யச் சொன்னார் நிமலன். "திகதி கிடந்தா நாளைக்கு ஆரும் பொய்யெண்டு சொல்லேலாது."

இந்தக் கமராவுக்கு ஒரு குறை இருந்தது. நேரத்தை ஞாபகம் வைத்திருக்கிற சின்னப் பற்றறி உள்ளே செத்துவிட்டது. வெளிப் பற்றறியைக் கழற்றிப் போட்டால், அது செய்யப்பட்ட ஆண்டுக்கே திரும்பப் போய் நிற்கும். 2012, தை மாதம் முதலாம் திகதி. ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டும் என்று கழற்றிப் போட்டுக் காட்டினேன். விளங்கியது என்று தலையாட்டி வாங்கிக்கொண்டு போனார்.

3. பத்திரிகைத் துண்டு

மாரி தொடங்கி மழை பிடித்திருந்த ஒரு மத்தியானம் நிமலன் திரும்ப வந்தார். கூடவே வயதான ஒரு அம்மா. பொலித்தீன் பை ஒன்றை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தா. நெடுங்கேணிக்கு உள்ளே, காட்டோரக் கிராமத்தில் இருக்கிற நேசம்மா அக்கா. அவவைக் கதிரையில் இருத்திவிட்டு, நிமலன் என்னைப் பிறின்ற் எடுக்கிற அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

அக்காவின் மகன் ரூபன். சண்டை முடிந்த முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்த சனத்தோடு வந்தவனை, ஆமிக்காரர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனதுதான் கடைசி. 2009க்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. நிமலன் அந்த வீட்டுக்குப் போன அன்று வழியில் பற்றறி இறங்கிவிட்டது. புதிதாக வாங்கிப் போட்டார். அக்கா துணியை அவிழ்த்துப் படத்தை எடுத்துக் கொடுத்தா. கமரா திகதி கேட்டது. வெயிலில் திரை தெரியவில்லை, அக்கா படத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறா, இவர் அவசரத்தில் சரி என்ற பொத்தானை அழுத்திவிட்டு எடுத்துவிட்டார். பத்திரிகையில் கறைகளை நீக்கி ரூபனின் முகத்தைப் பெரிதாகப் போட்டார்கள்; அலுமாரியில் இருந்த படம் என்றே தெரியவில்லை. சேட்டின் கீழே செம்மஞ்சள் நிறத்தில் 2012 என்று விழுந்திருந்தது. பத்திரிகைக்காரர் ஒருவரும் கவனிக்கவில்லை.

அக்காவின் தங்கச்சியின் மகள் பிரான்சில் இருக்கிறாள். அவள் கவனித்துவிட்டாள். பெரியம்மா, அண்ணா 2012இல உயிரோட இருந்திருக்கிறார், ஆரோ படம் எடுத்து வைச்சிருக்கினம் என்று போனில் அழுதிருக்கிறாள்.

அக்கா அடுத்தநாள் காலை கிளிநொச்சிக்குப் போக இருந்தா. காணாமல் போனவர்களை விசாரிக்கிறவர்கள் அவவை வரச் சொல்லியிருந்தார்கள். பத்திரிகையில் இருந்து வெட்டியெடுத்த அந்தத் துண்டை அங்கே வைக்கப்போகிறா. அவர்கள் ஒரு கேள்வி கேட்டால் பிழை வெளியே வந்துவிடும். பிறகு பஸ்ஸில் ஏற்றினதைக் கண்ணால் கண்டேன் என்று அவ சொல்கிற உண்மையையும் பொய்யென்று எழுதி மூடிவிடுவார்கள்.

"நீர் அவவிட்டச் சொல்லேல்லையோ?"

"சொன்னனான் அண்ணை. ஆரோ என்னை வெருட்டிப்போட்டினம், அதுதான் மாத்திக் கதைக்கிறன் எண்டு நினைக்கிறா."

4. கடையில் எடுத்த படம்

பிள்ளையாரை நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அக்கா துண்டை எடுத்து மேசையில் விரித்தா. "தம்பி, நீங்கள் படத்தொழில் தெரிஞ்ச ஆள். இது எத்தினையாம் ஆண்டெண்டு கிடக்கு?"

எண் அவவுக்கு வாசிக்கத் தெரியும். நான் சொல்ல வேண்டும் என்றிருந்தா.

நிமலனிடம் கமராவை வாங்கி அவவின் கையிலேயே கொடுத்தேன். பற்றறி மூடியைத் திறக்கச் சொன்னேன். இரண்டையும் வெளியே எடுக்கச் சொல்லி, திரும்பப் போடச் சொன்னேன். திரையில் வந்ததற்குச் சரி என்று அழுத்தச் சொன்னேன். பிறகு கமராவை வாங்கி, அவவை அந்தக் கதிரையிலேயே வைத்து ஒரு படம் எடுத்தேன். பிறின்ற் போட்டு, துண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

நனைந்த சேலையோடும் பொலித்தீன் பையோடும் அக்கா இருக்கிறா. பின்னால் என் கடைச் சுவரில் இந்த வருடக் கலண்டர். மூலையில் 2012.

வெளியே ஏ-ஒன்பது வீதியில் லொறிகள் போய்க்கொண்டிருந்தன. அக்கா இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தா. விரலால் தன் படத்தில் இருந்த எண்ணை அழித்துப் பார்த்தா.

"அப்ப, ஆரும் எடுத்து வைச்சிருக்கேல்லை" என்றா. அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

"இல்லையக்கா. இது உங்கட அலுமாரிக்க இருந்த படம்தான்."

அக்கா அழவில்லை. நிமலன்தான் அழுதார். கமராவை மேசையில் வைத்து, எனக்கு இனி இது வேண்டாம் அண்ணை என்றார். அக்கா அதைத் தள்ளி அவர் பக்கம் வைத்தா. "நீர் எழுதாட்டி என்ர பிள்ளையின்ர பேரை வேற ஆர் எழுதுறது? கொண்டு போம்."

பிறகு துண்டை மடித்தா. அதை நாளைக்கு அங்கே காட்டுவதில்லை, பழைய படத்தை மட்டும் கொண்டுபோய்க் கண்டதைச் சொல்வேன் என்றா. எனக்கு மனம் ஆறியது. கடவுள் காப்பாற்றினார் என்று நினைத்தேன்.

அந்த நேரம் அவவின் போன் அடித்தது. பாரிசவாதம் வந்து கட்டிலோடு இருக்கிற அவவின் மனுசன். கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் அடிக்க விட்டா. எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னா:

"அவர் கஞ்சியைத் தவிர ஒண்டும் வாயில வைக்கிறேல்லை. பிரான்சில இருந்து உந்தக் கதை வந்த அண்டைக்குத்தான் சோறு கேட்டவர்."

பிறகு போனைக் காதில் வைத்தா. மறுபக்கம் குழறின குரல் ஒன்று என்னவோ கேட்டது. ஸ்ரூடியோக்காரர் என்ன சொன்னார் என்று கேட்டிருக்க வேண்டும்.

"ஓமப்பா" என்றா அக்கா. "ஆண்டு சரியாம்."

பொய் சொல்லக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தவன் நான். அந்த மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா துண்டைப் பைக்குள் வைத்தா. வீட்டில் கிடக்கட்டும், அவர் பார்க்கிறதுக்கு என்றா. தன் படத்தை மட்டும் என்னிடமே விட்டுவிட்டு, மழை குறைய முன்னமே பஸ்ஸுக்குப் போனா.

5. தொழிலுக்கு வருகிறவர்களுக்கு

பழைய கமரா ஒன்றை வாங்கினால், பற்றறியைக் கழற்றி ஒருநாள் வைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். ஆண்டை மறந்தால், திகதி விழுகிறதை நிறுத்திவிட்டுத்தான் விற்க வேண்டும். வாங்குகிறவர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். சொல்லிக் கொடுத்துவிட்டேன், இனி அவர் பாடு என்று இருக்க ஏலாது. படத்தின் மூலையில் விழுகிற எண், எடுக்கிறவருக்குச் சின்ன விசயம். பார்க்கிறவர்களில் ஒருவர் அந்த எண்ணுக்காகவே இவ்வளவு காலமும் காத்திருந்தவராக இருக்கலாம்.

நேசம்மா அக்கா கிளிநொச்சிக்குப் போய்த் தான் கண்டதைச் சொல்லிவிட்டு வந்தா என்று நிமலன் சொன்னார். பதில் இன்னும் வரவில்லை.

காலையில் விளக்கு வைக்கும்போது அந்த வீட்டுக்காக இரண்டு வேண்டுதல் வைக்கிறேன். ஐயாவுக்குச் சோறு இறங்க வேண்டும். அக்காவுக்கு, அவர் பக்கத்தில் இருந்து அதை ஊட்டிவிடுகிற பெலன் வேண்டும்.