முன் சக்கரத்துச் சத்தம்

எங்கள் கார் கத்த ஆரம்பித்தபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். மல்லேஸ்வரத்துக் குறுக்குத் தெருக்களில் அம்மா அதை மெல்ல ஓட்டிப் போனால், தகரத்தை ஆணியால் கீறுவதுபோல ஒரு சத்தம் கூடவே வரும். காய் வாங்குகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் பெருமையாகக் கையசைப்பேன். அம்மா கழுத்தைத் திருப்பாமல் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

அவள் ஓட்டக் கற்று நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. அப்பா வைட்ஃபீல்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்ததால் வண்டி சும்மா நின்றது. அவளுக்கு அது வசதியாகப் போயிற்று. சத்தத்தைக் கேட்ட அன்றே அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"எப்பப் பாத்தாலும் பிரேக்க மிதிச்சுக்கிட்டே ஓட்டுற. கொஞ்ச நாளைக்கு வண்டிய நிறுத்தி வை. ஆட்டோ இருக்குல்ல?"

அம்மா சனிக்கிழமை என்னையும் ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய டயர்–பிரேக் கடைக்குப் போனாள். கண்ணாடி அறை, ஏசி, எனக்குப் பிஸ்கட். கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஒருவர் சக்கரத்தைக் குனிந்துகூடப் பார்க்காமல், "சார் வரலையா மேடம்?" என்றார். பிரேக் மொத்தமும் தேய்ந்திருக்கும், லேடீஸ் ஓட்டும் வண்டியில் இது சகஜம் என்று சிரித்தார். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று அம்மா எழுந்துவிட்டாள். எனக்கு இன்னும் இரண்டு பிஸ்கட் மிச்சமிருந்தது.

வழியில், ரயில் பாலத்தை ஒட்டி ஒற்றை ஷட்டர் கடை ஒன்று கண்ணில் பட்டது. என்ன நினைத்தாளோ, வண்டியை அங்கே ஓரங்கட்டினாள். மெக்கானிக் முதலில் கன்னடத்தில் பேசி, என் தமிழைக் கேட்டதும் மாறிக்கொண்டார்.

"நீங்களே ஓட்டிக் காட்டுங்கம்மா. நான் பக்கத்துல குந்திக்கிறேன்."

அம்மா தயங்கித்தான் எடுத்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கேட்டபடி வர, தெருவை ஒரு சுற்றுச் சுற்றினோம். பிறகு ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றி, ஸ்க்ரூடிரைவரால் உள்ளே நெம்பினார். புளியங்கொட்டை அளவில் ஒரு ஜல்லிக்கல் 'டிங்' என்று தரையில் விழுந்தது.

"மெட்ரோ வேல நடக்குற ரோட்ல போனீங்களா? இது உள்ள மாட்டிக்கினு கத்தியிருக்கு. பிரேக் சூப்பரா கீது."

"அப்ப, நான் மிதிக்கிறதுல..." அம்மா இழுத்தாள்.

"நீங்க நல்லாத்தாம்மா ஓட்றீங்க. பக்கத்துல குந்தினு பாத்தேனே!"

அம்மா சிரித்தாள். சிரிப்பு நிற்கவேயில்லை, கண்ணில் தண்ணீர் வந்து துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். ஒரு கல்லுக்கு இவ்வளவா என்று எனக்கு வெட்கமாக இருந்தது. திரும்பும்போது வண்டியில் சத்தமே இல்லை. யாரும் எங்களைப் பார்க்கவில்லை. அம்மா மட்டும் வழி முழுக்க ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் அப்பாவிடம் நடந்ததை அவள் சொன்னபோது, "ஓ" என்றார். அதோடு சரி.

மறுநாள் மார்க்கெட்டுக்குக் கிளம்பினோம். அதுவரை அம்மா ஓட்டும் வண்டியில் ஒருநாளும் ஏறாத அப்பா, முன் கதவைத் திறந்து, "நீ பின்னால போ" என்று என்னை எழுப்பிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பெல்ட்டை இழுத்துச் சரிபார்த்தார். அம்மா வண்டியை எடுத்தாள்.

பெரியவர்கள் மன்னிப்புக் கேட்பதில் பல வகை உண்டென்று எனக்கு அப்போது தெரியாது. என் இடத்தைப் பிடுங்கிக்கொண்ட கோபத்தில், மார்க்கெட் வரும்வரை அப்பாவின் சீட்டைப் பின்னாலிருந்து உதைத்துக்கொண்டே போனேன். அவர் ஒரு தடவைகூடத் திரும்பி அதட்டவில்லை.