மூன்று படங்களும் மங்கல்தான்

பெருநாள் காலையில், கட்டாரில் வேலை செய்யும் கணவருக்கு அனுப்புவதற்காக நானும் ஒன்றரை வயது மகளும் சேர்ந்து படமெடுக்க ஆயத்தமானோம். சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு ஹோலில் பன்பாயை விரித்து, அதன் ஓரத்தில் மகளை இருத்தினேன். எதிரே, அவர் அனுப்பிய கெமராவை முக்காலி ஸ்டாண்டில் பூட்டினேன். ஸ்டாண்டின் ஒரு கால் பாயின் மறு ஓரத்தில் நின்றது.

டைமரை வைத்துவிட்டு ஓடிப்போய் மகளருகே தரையில் அமர்ந்தேன். கெமராவின் சிவப்பு விளக்கையே பார்த்துச் சிரித்தேன். மூன்று முறை எடுத்தும் படங்கள் மங்கல்தான். கணவருக்குக் கோல் எடுத்தேன்.

"நீங்க அனுப்பின கெமரா பழுது."

"ஸ்டாண்ட் ஆடுதாக்கும் புள்ள. காலப் பாரு."

"எல்லாம் இறுக்கித்தான் வெச்சிருக்கன். எனக்குத் தெரியாதா?"

கோபத்தோடு, கெமராவின் விளக்கப் புத்தகத்தை எடுக்க அலுமாரிப் பக்கம் திரும்பினேன். பின்னால் தடாலென்று சத்தம். ஸ்டாண்ட் மகளின் தலைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்து கிடந்தது. பாயின் ஓரம் அவள் கைகளில் இருந்தது.

நடந்ததை அழுதுகொண்டே கணவரிடம் சொன்னேன்.

"புள்ளைக்கு ஒண்டுமில்லத்தானே? அல்ஹம்துலில்லாஹ். கெமரா கிடக்கட்டும்" என்றார். அவர் ஏசியிருந்தால் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பிறகு அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றிலும் நான் சிரிக்கிறேன். பக்கத்தில் மகள் பாயை இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது ஸ்டாண்டை வெறுந்தரையில்தான் வைக்கிறேன். படத்தில் என் முகம் எப்போதும் மகள் பக்கம் திரும்பியிருக்கும்.