நான் பார்க்காத கத்தி

அந்தக் கத்தியை நான் முதலில் பார்த்தது போலீஸ் ஜீப்பின் பானெட்டில், செய்தித்தாளில் சுற்றிய பொட்டலமாக. உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமமொன்றில் கிராம நிர்வாக அலுவலராக நான் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. ஏரித் தண்ணீர்த் தகராறில் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டிருந்தார். அவரோடு சண்டை போட்டிருந்த விவசாயியைப் பிடித்துவிட்டு, வீட்டைச் சோதனையிட வந்த போலீசார் என்னையும் தலையாரியையும் சாட்சிக்கு அழைத்திருந்தார்கள். எங்களை வேப்பமரத்தடியில் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். பாத்திரங்கள் உருண்டன. விவசாயியின் மனைவி வாசலில் நின்று, "நெல்லக் கொட்டாதீங்க, விதை நெல்லு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அரை மணி கழித்து இன்ஸ்பெக்டர் மகஜரை நீட்டினார். நெல் மூட்டைக்குப் பின்னாலிருந்து எங்கள் முன்னிலையில் கத்தி எடுக்கப்பட்டதாக அதில் எழுதியிருந்தது. நான் கையெழுத்திட்டேன். தலையாரியும் தயங்கிக்கொண்டே போட்டார். திரும்பும் வழியில், "நாம எங்கம்மா பாத்தோம்?" என்று மட்டும் கேட்டார். எல்லா வழக்கிலும் இப்படித்தான் என்றேன், ஏதோ நிறைய வழக்குகளைப் பார்த்தவள்போல.

நீதிமன்றத்தில் மகஜரில் இருந்ததை அப்படியே ஒப்பித்தேன். தலையாரி கூண்டில் ஏறி, "மரத்தாண்ட நின்னுக்கினு இருந்தோம் ஐயா. உள்ள இன்னா எடுத்தாங்கன்னு பாக்கல" என்றார். பிறழ் சாட்சி என்றார்கள். உள்ளூர்க்காரரைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார் என்று தீர்ப்பில் எழுதினார்கள். நான் வெளியூர்க்காரி, படித்தவள், யாரோடும் பகையில்லாதவள். என் சாட்சியம் நம்பத்தகுந்தது. விவசாயிக்கு ஆயுள் தண்டனை. அந்த மனிதர் கொன்றாரா இல்லையா என்பது இன்றும் எனக்குத் தெரியாது. பொட்டலம் வீட்டுக்குள்ளிருந்து வந்ததா, ஜீப்பிலேயே இருந்ததா என்பதும் தெரியாது. தலையாரி அதன்பிறகும் ஒரு நாள் தவறாமல் அலுவலகத்தைத் திறந்துவைத்தார்.

சென்ற ஆண்டு, மாற்றலாகி நான் வேலை செய்யும் ஊருக்கு இரண்டு பஸ் மாறி அந்த விவசாயியின் மனைவி வந்தார். கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை. "எங்க வூட்ல கத்தி எடுத்தத நீங்க பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார். குரலில் கோபமில்லை. இல்லை என்றேன். "ஐகோர்ட்ல அப்பீல் கீது. இத எழுதிக் குடுப்பீங்களா?"

எழுதிக் கொடுத்தேன். வேலை போகலாம், என்மேலேயே வழக்கு வரலாம், இவ்வளவு தாமதமாகச் சொல்வதை நீதிமன்றம் ஏற்காமலும் போகலாம் என்று அவர்களுடைய வக்கீல் எச்சரித்தார். நான் எழுதியதை இணைத்துப் போட்ட மனு இன்னும் விசாரணைக்கு வரவில்லை.

ஓய்வுபெற்றுப் பக்கவாதத்தில் படுத்திருக்கும் தலையாரியிடம் போய் இதைச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். நாக்கு குழறியது.

"கோர்ட்டுல என்னப் பொய்யன்னு எழுதிட்டாங்களே. அத மாத்துவாங்களாம்மா?"

மாற்றுவார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"தெரியலங்க" என்றேன்.