தணிகாசலம் அண்ணன் கொண்டுவந்த தகடு

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில், எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. டெலிபோன் மெக்கானிக்காக இருந்த தணிகாசலம், திருப்புட்குழியில் மகள் வீட்டில் காலமானார். அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். அவற்றுக்கு நடுவே என் அண்ணன் எழுதியிருந்தார்: "நல்ல மனுஷன். வேலையில்தான் கவனம் பத்தாது. எங்கள் வீட்டுத் தீ யாருக்கும் மறந்திருக்காது. ஆத்மா சாந்தியடையட்டும்." அந்த வரிக்கும் நான்கு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

அந்த நான்கு பேருக்கும், அவரை அறிந்த மற்றவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். அவர் வேலையில் கவனம் இல்லாதவர் அல்லர். இதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இப்போது உயிரோடு இல்லை.

பழைய டெலிபோன் எக்சேஞ்சில், லைன்களைச் சேர்த்துப் பிரிக்கும் ரிலேக்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். கம்ப்யூட்டர் வந்ததும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவையும் அக்கம்பக்கத்து மூன்று தெருக்களையும் தன் எல்லையாக வைத்துக்கொண்டார். தண்ணீர் மோட்டார், கிரைண்டர், நூல் சுற்றும் மோட்டார், வீட்டு வயரிங் எல்லாம் அவர்தான். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கேட்பார். குடித்து முடிக்கும்வரை எதையும் தொடமாட்டார்.

என் வீட்டுக்கு அவர் வந்தது பின்பால் மெஷினுக்காக. சென்னையில் ஒரு விளையாட்டுக்கூடத்தை மூடியபோது நான் வாங்கிவந்தது அது. சாய்வான கண்ணாடிக்கு அடியில் ஓர் எஃகுப் பந்து ஓடும். கீழே இரண்டு துடுப்புகளால் அதை மேலே தட்டிவிட வேண்டும். பந்து மோதும் இடத்துக்கேற்ப எண்கள் ஏறும். உள்ளே சிப்பு எதுவும் கிடையாது. முழுக்க ரிலேயும், காயில் என்கிற செப்புக்கம்பிச் சுருளும், பித்தளைத் தகடுகளும்தான். என் வீடு என்று எழுதினேன். தவறு. வீடு அண்ணனுடையது. தறியில் உட்கார்பவனுக்கே வீடு என்று அப்பா எழுதிவைத்துவிட்டுப் போனார். இயற்பியலில் முதுகலை முடித்து, கல்லூரி வேலை கிடைக்காமல், தனியார் பள்ளியில் பாடம் நடத்துகிற எனக்குப் பின்கட்டில் ஓர் அறை. அந்த அறையில்தான் மெஷின் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணனின் தறி.

எண்கள் எண்ணூறைத் தாண்டாமல் நின்றுவிட்டன. மூன்று மாதம் நான் சர்க்யூட் படத்தோடு மல்லுக்கட்டிவிட்டு அவரைக் கூப்பிட்டேன். படத்தை நீட்டினேன், அவர் வாங்கவில்லை.

"நீ ஆடுப்பா. நான் கேட்டுக்கினு இருக்கறேன்" என்று பலகையில் காதை வைத்துக்கொண்டார். பத்து நிமிடம் ஆடினேன். "சத்தம் போடற ரிலே நல்லவன்பா. இவன் ஒருத்தன் வாயே தெறக்காம இருக்கறான் பாரு, இவனாலதான் எல்லாம் நின்னுபோவுது."

என் அலமாரியிலிருந்த கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து, விரல் அகலத்துக்குக் கிழித்து, அந்த ரிலேயின் இரண்டு முனைகளுக்கு நடுவே நுழைத்து இழுத்தார். காகிதத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. எண் எண்ணூறைத் தாண்டியது.

"உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமேண்ணா?" என்றேன்.

"ஐயையோ, மேல இருக்கற வெள்ளியெல்லாம் போயிடும். பத்திரிகை போதும். நம்ம ஊர்ல அதுக்கா பஞ்சம்?"

மூன்று மாத வேலையை அரைமணியில் முடித்தவர் மீது எனக்கு அன்று நன்றியைவிட எரிச்சலே அதிகம் இருந்தது. இதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த கோளாறு பங்குனி உத்திரத்துக்கு இரண்டு நாள் முன்பு வந்தது. பந்தைப் பக்கவாட்டில் உதைத்துத் தள்ளும் காயிலின் ப்யூஸ் அடுத்தடுத்து இரண்டு முறை போனது. அவர் குனிந்து பார்த்து, பந்து பட்டதும் சேர்ந்து பிரியவேண்டிய தகடு துவண்டு ஒட்டிக்கொள்கிறது என்றார். ஒட்டிக்கொண்டால் கரண்ட் நிற்காது. காயில் காய்ந்துகொண்டே இருக்கும்.

"புது ப்யூஸ் போட்டுடலாமாண்ணா?"

"போட்டா அதுவும் போவும். ப்யூஸ் போறது கோளாறு இல்லப்பா, அது சேதி. சேதி கொண்டாந்தவனையே மாத்திக்கினு இருந்தா எப்படி? தகடு நான் செஞ்சு எடுத்தாறேன். திருவிழா முடிஞ்ச காலையில வரேன். அதுவரைக்கும் இதைப் போடாத. சொல்லிட்டேன்."

இதைச் சொல்லும்போது அறையில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம்.

உத்திரத்தன்று அண்ணியின் உறவினர்கள் சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். மெஷினைச் சுற்றி நின்று ஆடச் சொன்னார்கள். அண்ணன் சிரித்தார். "அது ஆடாது மாமா. எங்க வாத்தியார் மாதிரிதான். படிப்பெல்லாம் உள்ள இருக்குது, வேலைதான் செய்யாது." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தலைக்கு ஏறியது. என்னிடம் ப்யூஸ் இல்லை. கடைகளும் பூட்டிக் கிடந்தன. தறி அறைக்குப் போய், கண்டு என்கிற நூல் உருளையில் சுற்றியிருந்த ஜரிகையில் ஆறு இழை அறுத்து, முறுக்கி, எரிந்துபோன ப்யூஸின் மேல் சுற்றி மாட்டினேன். விளக்குகள் எரிந்தன. எல்லோரும் ஆடினார்கள். அண்ணனும் ஆடினார். பிறகு சாமி பார்க்க எல்லோரும் கிளம்பினோம். திரும்பி வரும்போது அது ஒளிர்ந்துகொண்டு நிற்கட்டும் என்று நான் அணைக்காமல் போனேன்.

ஜரிகை உருகி அறுந்துபோகவில்லை. அதுதான் நடந்தது. ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் ப்யூஸை வரைந்து, மெல்லிய கம்பி, எளிதில் உருகும், வீட்டைக் காப்பாற்றும் என்று பாடம் நடத்துகிறவன் நான்.

மெஷினின் பாதியும், சுவரின் மரச்சட்டமும், அந்தப் பக்கம் அண்ணன் தறியில் பூட்டியிருந்த பாவு நூலும், முக்கால்வாசி நெய்திருந்த ஒரு கல்யாணப் புடவையும் தீயில் போயின. யாருக்கும் காயமில்லை.

மறுநாள் காலை சொன்னபடி அவர் வந்தார், தகட்டைச் செய்தித்தாளில் மடித்து எடுத்துக்கொண்டு. வாசலில் பாதித் தெரு நின்றிருந்தது.

"வாய்யா, வந்து உன் கைவேலையைப் பாரு" என்றார் அண்ணன்.

அவர் அன்று தண்ணீர் கேட்கவில்லை. குனிந்து ப்யூஸ் இருந்த இடத்தைத் துழாவினார். கரிக்கு நடுவே ஜரிகை மட்டும் மினுங்கியது. அதைக் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு கையை மூடிக்கொண்டார்.

"இன்னாது அது?" என்றார் அண்ணன்.

"ப்யூஸுங்க மொதலாளி. வெந்துபோச்சு."

"ப்யூஸு இருந்தும் எப்படிய்யா எரிஞ்சிது?"

"தகடு ஒட்டிக்கிச்சு. நான் அன்னிக்கே கழட்டிக்கினு போயிருக்கணும். என் தப்புதாங்க."

நான் கதவோரம் நின்றிருந்தேன். அவர் தகட்டை உடைந்த கண்ணாடியின் மேல் வைத்துவிட்டு, மூடிய கையோடு படியிறங்கிப் போனார். அந்த ஜரிகையை என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது.

பட்டு இருக்கும் வீட்டில் தீ வைத்தவன் என்ற பெயர் வந்தபின் யார் கூப்பிடுவார்கள்? ஒரு மாதத்துக்குள் நான்கு தெருக்களும் அவரை விட்டுவிட்டன. அவர் மகள் வீட்டோடு போய், வயல் மோட்டார்களைப் பார்த்து வயிற்றைக் கழுவினார்.

இரண்டு வருடம் கழித்து வாலாஜாபாத் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். மடியில் ஒரு பழைய மோட்டார். ஒதுங்கிப் போயிருப்பேன், அவரே கூப்பிட்டார்.

"இன்னாப்பா வாத்தியாரே, தகடு வச்சிட்டு வந்தேனே, பத்திரமா இருக்குதா?"

"இருக்குதுண்ணா." பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏண்ணா அன்னிக்குச் சொல்லல?"

"சொன்னா உங்கண்ணன் உன்னை அன்னிக்கே வெளிய தள்ளியிருப்பாரு. எனக்கு நாலு தெரு இருந்துச்சு. உனக்கு அந்த ஒரு ரூமுதானேப்பா." பிறகு சிரித்தார். "நாலும் ஒண்ணா போவும்னு எனக்கு இன்னா தெரியும்? எக்சேஞ்சுல ஒரு லைன் போனா ஒரு லைன்தான் போவும்."

நானும் சிரிக்க முயன்றேன். அவர் மோட்டாரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஒரு வாரத்துல நீயே சொல்லிடுவேன்னு நெனைச்சேம்பா."

அவருடைய பேருந்து வந்துவிட்டது.

எனக்குப் பலர் மீது மனக்குறை உண்டு. உயிலெழுதிய அப்பா மீது, சிரித்த அண்ணன் மீது, வேலை தராத கல்லூரிகள் மீது. ஆனால் எந்தக் குறையையும் தணிகாசலம் அண்ணன் மீது இருந்த குறை அளவுக்கு நான் சுமந்ததில்லை. என்னைப் பார்த்து இரக்கப்பட்டு அவர் தன் பெயரைக் கொடுத்தார். நான் கேட்காமல் கொடுத்தார். திருப்பித் தரவும் எனக்குத் துணிவில்லை. திட்டியிருந்தால் நான் எப்போதோ நிம்மதியாக இருந்திருப்பேன்.

செவ்வாய் மதியம் திருப்புட்குழிக்குப் போனேன். அண்ணன் எனக்கு முன்பே வந்து பெரிய மாலை ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். தணிகாசலம் அண்ணனின் மகள் என்னிடம், "நீங்க யாருங்க? அப்பாவுக்கு எப்படிப் பழக்கம்?" என்று கேட்டாள். "தெரிஞ்சவன்மா" என்றேன். அதற்குமேல் சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தத் தகடு ஒன்றுதான். கையால் வெட்டி, முனைகளை அரத்தால் ராவி, அளவு பிசகாமல் செய்தது. கவனம் பத்தாது என்று எழுதியவர்கள் வந்து பார்க்கலாம். பொருத்த வேண்டிய மெஷின் கரியோடு தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. தகடு என் சாக்பீஸ் டப்பாவில் இருக்கிறது. பாடம் நடத்தப் போகும்போதெல்லாம் விரலில் படுகிறது.

இதைத் தட்டச்சு செய்து நான்கு படி எடுத்திருக்கிறேன். விடிவதற்குள் நான்கு தெருமுனைகளிலும், அவருடைய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுவேன். ஜரிகையைச் சுற்றியவன் யார் என்று இதைப் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அடியில் பெயர் எழுதப்போவதில்லை. பெயர் இல்லாவிட்டால் அண்ணன் எதுவும் தெரியாததுபோல் இருந்துகொள்வார். நானும் அதே வீட்டில் சாப்பிட உட்காரலாம். எனக்கு இன்னமும் அந்த ஒரு அறைதான் இருக்கிறது.