மழைக்குக் காத்திருந்த சாயத் தண்ணீர்

முதல் வருடப் பரீட்சை முடிந்ததும் எங்கள் எம்.பி.ஏ. வகுப்பில் ஆளாளுக்கு சோப்பு விற்பனை, டயர் விற்பனை என்று கோடை ப்ராஜெக்டுக்குத் தலைப்பு எடுத்தார்கள். நான் சாயப்பட்டறைத் தண்ணீரை எடுத்தேன். கல்லூரி நூலகத்துக்கு வந்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில், மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் தொழில் நடத்தச் சொல்லித் தருவதையே வேலையாகச் செய்கிறவர்களைப் பற்றிப் படித்திருந்தேன். அப்படி ஒரு வேலை இருப்பதே அன்றுதான் தெரியும். திருப்பூர் பனியனை வாங்குகிற நாடுகள் ஒருநாள் தண்ணீரைப் பற்றிக் கேட்கும், அப்போது பதில் சொல்ல ஆள் வேண்டும், அந்த ஆள் நானாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

"இதுக்கு யாரும்மா வேலை குடுப்பாங்க?" என்றார் பேராசிரியர். ஆனாலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சூலூரில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்து, திருப்பூருக்கு வெளியே இருந்த ஒரு சாயப்பட்டறைக்குப் போனேன். முதலாளிக்கு ஐம்பது வயது இருக்கும். குரல் உயர்த்தவே மாட்டார். "வாங்க அம்மணி, எங்க வேணா போயிப் பாருங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற ட்ரீட்மென்ட் பிளான்ட் பின்பக்கம் இருந்தது. நீலப் பெயின்ட் அடித்த குழாய்கள், புது மோட்டார்கள். எல்லாவற்றையும் படம் வரைந்து குறித்துக்கொண்டேன். மூன்றாம் நாள்தான், கசடு காய வேண்டிய தொட்டிக்குள் முழங்கால் உயரத்துக்குப் புல் முளைத்திருப்பது கண்ணில் பட்டது. மோட்டாரின் மூடிக்கும் சுவருக்கும் நடுவில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

"நேத்துத்தானுங்க ரிப்பேருக்கு நிறுத்துனோம்" என்றார் மேனேஜர்.

அப்படியானால் தினமும் வெளியேறுகிற அத்தனை தண்ணீரும் எங்கே போகிறது? மதில் ஓரமாக ஒரு பெரிய குட்டை இருந்தது. தார் நிறத்தில் அசையாமல் கிடந்தது. நாளுக்கு நாள் அது ஏறிக்கொண்டே வந்தது.

இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம் மேற்கே மேகம் கட்டியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அப்படியொரு வெயில். பட்டறையில் மற்ற யாரும் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. மேனேஜர் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். இரண்டு பேர் கடப்பாரையோடு குட்டைப் பக்கம் நடந்தார்கள்.

"ஏனுங்க அம்மணி, மழை வருதுங்க. நீங்க ஊட்டுக்குக் கிளம்புங்க" என்றார் மேனேஜர்.

கேட்டைத் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்துத் தோட்டத்துச் சாளை வீட்டில் ஒதுங்கினேன். அங்கே ஒரு அம்மா, எங்கள் அம்மா வயது, மாடுகளை அவசர அவசரமாக உள்ளே இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மழைக்காகவா கட்டறீங்க?"

"மழைக்கு இல்லீங்க கண்ணு. அங்க பாருங்க."

பட்டறை மதிலுக்கு அடியிலிருந்து ஊதா நிறத்தில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. மழைத் தண்ணீரோடு சேர்ந்து வாய்க்கால் நிறைய ஓடி, அவர்கள் கிணற்றைச் சுற்றிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனது.

"மழையில தொறந்தா யாருக்கும் தெரியாதுங்களே. முந்தியெல்லாம் மழை வராதான்னு கெடப்போம். இப்ப மேகத்தைப் பாத்தாலே மாட்டப் புடிச்சுக் கட்ட ஓடறமுங்க."

இதையெல்லாம் ஒரு அத்தியாயமாக எழுதினேன். பட்டறைக்குக் காட்டாமல் ரிப்போர்ட்டைக் கொடுக்கக் கூடாது என்பது கல்லூரி விதி. முதலாளி நிதானமாகக் கடைசிப் பக்கம் வரை படித்தார். எனக்குக் காபி வரவழைத்தார்.

"நல்லா எழுதியிருக்கறீங்க கண்ணு. அப்பா பீளமேட்டுல ஃபவுண்டரியிலதானுங்களே இருக்கறாரு? அந்த மொதலாளி எனக்குப் பங்காளி முறைங்க. அப்பாவக் கேட்டதாச் சொல்லுங்க."

அவ்வளவுதான் சொன்னார். அப்பா எங்கே வேலை செய்கிறார் என்று நான் அங்கே யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. மழை அத்தியாயத்தை எடுத்துவிட்டு, பட்டறைக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். வாய்மொழித் தேர்வில், "தண்ணீரை முறையாகச் சுத்திகரிக்கிறார்களா?" என்று கேட்டார்கள். "ஆமாம்" என்றேன். வகுப்பிலேயே முதல் மதிப்பெண் எனக்குத்தான்.

தை மாதம் மனசு கேட்காமல் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். மாடுகளைக் காணோம். தென்னைகளில் குருத்து காய்ந்திருந்தது. அந்த அம்மா என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"கலெக்டராபீசுல மனுக் குடுத்தமுங்க. காலேஜுப் புள்ள வந்து பாத்து எல்லாஞ் சரியா இருக்குதுன்னு எழுதிக் குடுத்துருக்குதுன்னு ஒரு புத்தகத்தைக் காட்டி, மனுவைத் தள்ளிப்போட்டாங்க." என் முகத்தைப் பார்த்து, "அது நீங்கதானுங்களே?" என்றார்.

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அப்போதும் 'ங்க' போட்டுத்தான் கேட்டார்.

ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவைத்திருந்த மழைப் பக்கங்களை அன்றே நகலெடுத்து, என் பெயரும் முகவரியும் போட்டு, முன்பு சொன்னது பொய் என்று எழுதி அதே ஆபீசுக்கு அனுப்பினேன். பிறகுதான் அப்பாவிடம் சொன்னேன். அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, "முன்னாலயே சொல்லியிருக்கலாம் சாமி" என்றார்.

அதன் பிறகு அப்பா வேலையிலிருந்து வர அரைமணி தாமதமானாலும் அம்மாவும் நானும் வாசலில் நிற்போம். வாரங்கள் போயின. அப்பாவுக்கு எதுவும் நடக்கவில்லை. ஓய்வு பெறும் வரை அங்கேயேதான் இருந்தார். பட்டறை முதலாளி அந்தக் காபிக்குப் பிறகு ஒரு விரலைக்கூட அசைத்திருக்க மாட்டார் என்று இப்போது நினைக்கிறேன். அசைக்க வேண்டியிருக்கவில்லை.

என் கடிதத்துக்கு ஒரு அதிகாரி வந்து பார்த்தார். நல்ல வெயில் நாளில் வந்தார். பிளான்ட் ஓடிக்கொண்டிருந்ததாம்.

படிப்பு முடிந்ததும் கோவையில் தண்ணீர் பரிசோதனை செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்தேன். முதல் மாதமே அந்தத் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரை எடுக்கப் பாட்டிலோடு போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. காங்கேயம் பக்கம் குடிபோய்விட்டதாகப் பக்கத்தில் சொன்னார்கள். கிணற்றுக்குள் வாளியை இறக்கினேன். பாதி ஆழத்திலேயே ஊதா நிறத்தில் தண்ணீர் தட்டுப்பட்டது. மழை பெய்து நான்கு மாதம் ஆகியிருந்தது.