டெய்ஸி பூட்டிய கேற்

நாவற்குடா டெய்ஸி யாரோடும் வாய்ச்சண்டைக்குப் போகிறவள் அல்ல. ஆனால் மனதில் வைத்தால் வைத்ததுதான்.

பெயர் அவளுடைய அப்பா சீனித்தம்பி வைத்தது. எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்குப் பிறகு இங்கே வேலை செய்ய வந்த ஒரு வெள்ளைக்காரத் தாதி பிரசவம் பார்த்து, தாயையும் பிள்ளையையும் காப்பாற்றினாள். அந்த நன்றிக்கு அவள் பெயரையே மகளுக்கு வைத்தார். தாதி அர்த்தமும் சொல்லியிருக்கிறாள்: பழைய ஆங்கிலத்தில் 'பகலின் கண்'. விடிய விரிந்து, பொழுதுபட மூடிக்கொள்ளும் ஒரு சின்ன வெள்ளைப் பூ. சீனித்தம்பி அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

புருஷன் கோணாமலைக்கோ அந்தப் பெயர் ஒரு பகிடி. பெட்டை நாய்க்குட்டி ஒன்றைக் கொண்டுவந்து அதற்கும் டெய்ஸி என்றே பெயர் வைத்தான். "டெய்ஸி, இஞ்ச வாடி!" என்பான். மனிசியும் நாயும் சேர்ந்து திரும்பினால் விழுந்து விழுந்து சிரிப்பான். நாய் என்ன செய்யும், பாவம். அதற்குச் சோறு வைப்பதும் அவள்தான்.

மகள் நிருஷாவுக்குச் சம்பந்தம் பேச கொக்கட்டிச்சோலை ஆட்கள் வந்த அன்றும் அதே கூத்து. கூப்பிட்ட குரலுக்குத் தேத்தண்ணீரோடு வந்தவளிடம், "நான் நாயையெல்லோ கூப்பிட்டன்" என்றான். வந்தவர்கள் சிரித்தார்கள். நிருஷா உள்ளே ஓடிப்போய் அழுதாள்.

அடுத்த நாள் பின்னேரம் அவன் குடிக்கப் போனதும், அவனுடைய உடுப்பையெல்லாம் கலியாணத்தன்று அவன் கொண்டுவந்த அதே பழைய சூட்கேசில் அடைத்து ரோட்டில் வைத்தாள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேருகிறவன். கோணாமலைக்கு அது மறந்துபோயிருந்தது. பொழுதுபடும் நேரம் வாசல் கேற்றைப் பூட்டிவிட்டு முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தாள். காத்திருப்பது இவ்வளவு இனிக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

வந்தவன் கேற்றைப் பிடித்து உலுப்பினான். "டெய்ஸி! கேற்றத் திறடி!"

நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிப்போய் நின்றது. அவள் எழும்பவில்லை.

"வந்து நிக்கிறாள்தானே, நீ அவளத் திறக்கச் சொல்லு." இத்தனை வருசத்தில் அவனை 'நீ' என்று பேசியது அன்றைக்குத்தான்.

கோணாமலையின் குரல் இறங்கியது. "நிருஷாட அம்மா, பகிடிக்குச் சொன்னதப் பெரிசாக்காத. திற."

"பொழுதுபட்டா மூடுற பேர் எண்டு அப்பா உனக்கும் சொன்னவர்தானே? மூடியாச்சு. விடிஞ்சாலும் உனக்குத் திறக்காது."

பிறகு எழும்பிச் சோற்றுச் சட்டியை எடுத்தாள். "டெய்ஸி, வாம்மா, சாப்பிட."

நாய் அவனை விட்டுவிட்டு அவள் பின்னால் ஓடியது.