பைக்கின் கழுத்தில் கட்டிய மஞ்சள் துணி

1. விழுந்த மோட்டர்

"மா, ஒரு மோட்டர் பாத்து வெச்சிருக்கேன். ஒரு தடவ விழுந்த மோட்டர். ஆனா நல்ல மோட்டர்."

என் மகள் தர்ஷினி சோற்றைப் பிசைந்துகொண்டே இதைச் சொன்னாள். நான் என் தட்டைத் தள்ளி வைத்தேன்.

நான் கிள்ளானில் வாகன அட்ஜஸ்டராக இருக்கிறேன். விபத்தில் அடிபட்ட வண்டியை ஒர்க்ஷாப்பில் போய்ப் பார்த்து, பழுது பார்க்கலாமா, 'டோட்டல் லாஸ்' என்று கைவிடலாமா என்று இன்சூரன்சுக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் பார்க்கும் ஒவ்வொரு மோட்டர் பைக்கையும் அதற்கு முன் யாரோ பெற்ற பிள்ளை ஓட்டியிருக்கும். சில நேரம் வண்டிக்குப் பக்கத்தில் ஒற்றைச் செருப்பு கிடக்கும். அதனாலேயே என் வீட்டு வாசலில் மோட்டர் நிற்கக் கூடாது என்று வைத்திருந்தேன்.

ஆனால் தர்ஷினிக்குத் தலைநகரில், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு ஹோட்டலில் ரொட்டியும் கேக்கும் செய்யும் வேலை கிடைத்திருந்தது. காலைச் சாப்பாட்டு ஷிப்ட். அவள் மாவைப் பிசைய ஆரம்பிக்கும் நேரத்தில் கிள்ளானிலிருந்து முதல் ரயிலே கிளம்பியிருக்காது. மோட்டர் வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும். சமையல் படித்து முடித்து அவள் ஆசைப்பட்ட முதல் வேலை அது.

"நீங்க வந்து பாருங்க. விழுந்த மோட்டரப் பாக்குறதுதான உங்க வேலை? வேணாம்னு சொன்னீங்கன்னா விட்டுடுறேன். ப்ராமிஸ்."

இப்படிச் சொல்லி முழுப் பாரத்தையும் என் தலையில் ஏற்றிவிட்டாள்.

இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள், போனில் நாலு பக்கமும் படம் எடுத்தால் இன்ஸ்பெக்ஷன் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2. பண்டமாரானில் ஒரு சனிக்கிழமை

மோட்டரை விற்கும் பையன் பெயர் லோகன். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். பண்டமாரானில் அவனுடைய டெரஸ் வீட்டு கேட்டுக்கு உள்ளே அந்த மோட்டர் நின்றது. நூற்றைம்பது சிசி. கறுப்பு. துடைத்துத் துடைத்து மின்னியது.

நான் பையிலிருந்து டார்ச், நூல்கண்டு, கண்ணாடி எல்லாம் எடுத்து வைத்ததும் அவன் சிரித்தான்.

"என்னா ஆன்டி, மோட்டர் வாங்க வந்தீங்களா, போஸ்ட்மார்ட்டம் பண்ண வந்தீங்களா?"

"உசுரு இருக்கான்னு பாத்துட்டுச் சொல்றேன், தம்பி. எங்க விழுந்த?"

அவன் எதையும் மறைக்கவில்லை. ஷா ஆலம் பக்கம், மழையில், சிக்னல் போடாமல் திரும்பிய ஒரு காரின் பின்கதவில் நேராகப் போய் அடித்திருக்கிறான். காரின் மேல் பறந்து அந்தப் பக்கம் புல்லில் விழுந்தான். இடது மணிக்கட்டு மட்டும் உடைந்தது. மோட்டருக்கு முன் ஃபோர்க் இரண்டும் வளைந்தன, ரிம் போனது. எல்லாவற்றையும் புதிதாக மாற்றியிருக்கிறான்.

"மாத்தி முடிச்சதும் நேரா பத்துமலை முருகன் கோயிலுக்குத்தான் ஆன்டி கொண்டு போனேன். பூசை போட்டு, எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி, அப்புறந்தான் வீட்டுக்கே வந்தது."

அவன் அம்மா பால் இல்லாத தேநீர், தே ஓ, கொண்டு வந்து வைத்தார். "அது சாமி காப்பாத்திக் குடுத்த மோட்டர், தங்கச்சி. நான் பின்னால ஒக்காந்துதான் தெனமும் காய்கறி வாங்க பாசாருக்குப் போறேன். கல்யாணம் வருது, கார் வாங்கணும்ங்கிறான். அதான் விக்கிறோம்."

நான் வேலையைத் தொடங்கினேன். பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் நூல் பிடித்து முன் சக்கரம் வரை இழுத்தேன். ஒரு முனையைத் தர்ஷினி பிடித்தாள். இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி. சக்கரங்கள் நேராக நின்றன. ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பினேன். எங்கும் சிக்கவில்லை. அது போய் இடிக்கும் ஸ்டாப்பர் நசுங்கவில்லை. ஃபோர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினேன். ஹேண்டில் சுழலும் ஹெட் பேரிங்கில் ஆட்டம் இல்லை. அடியில் படுத்துச் சட்டத்தைப் பார்த்தேன். குழாய்களில் மடிப்பு இல்லை, பெயிண்ட் உரியவில்லை.

ஹேண்டிலுக்குக் கீழே, டேங்குக்கு முன்னால், கழுத்துக் குழாய் சட்டத்தோடு சேரும் இடத்தில் மஞ்சள் துணி மூன்று சுற்று சுற்றிக் கட்டியிருந்தது. பத்துமலையில் பூசாரி கட்டிவிட்டது. நம் ஆட்கள் அதிகமாக ஹேண்டிலில்தான் கட்டுவார்கள். லோகன், "கழுத்துலயே கட்டுங்க சாமி, மாலை மாதிரி இருக்கட்டும்" என்று கேட்டுக் கட்டிக்கொண்டானாம். துணியின் ஓரத்தில் விபூதியும் குங்குமமும் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தன.

நேராக மோதிய மோட்டரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் கழுத்துதான். இது எனக்குத் தெரியும். டார்ச் வெளிச்சம் அந்தத் துணி மேல் விழுந்தது. என் கை தானாக நெஞ்சுக்குப் போய்க் கும்பிட்டது. அப்படியே வெளிச்சத்தை அடுத்த இடத்துக்கு நகர்த்திவிட்டேன். மோட்டரைக் கழற்றி மாட்டிய மெக்கானிக்கும் அதன் பின் பார்த்திருக்க மாட்டார். சாமிக்குக் கட்டியதை நம்மில் யார் அவிழ்ப்போம்?

"மோட்டர் நல்லாத்தான் இருக்கு. ஓட்டிப் பாரு" என்று தர்ஷினியிடம் சொன்னேன். சொன்னது நான்தான்.

3. விரலில் பட்ட சத்தம்

துறைமுகத்துக்குப் போகும் பெரிய சாலை வரை போய்த் திரும்பி வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றும்போது முகம் முழுக்கச் சிரிப்பு.

"செம்மயா இருக்குமா! பறக்குது லா. ஒண்ணே ஒண்ணு, முன் பிரேக்க அழுத்திப் புடிச்சா 'டிக்'குனு ஒரு சத்தம். சின்னதா."

"அது பிரேக் பேட், சிஸ்டர். புது பேட் அப்படித்தான்" என்றான் லோகன்.

இருக்கலாம். பத்தில் ஒன்பது தடவை அப்படித்தான் இருக்கும். ஆனால் வந்த சத்தத்தைக் கையால் தேடாமல் விடுவது எனக்குப் பழக்கமில்லை. தர்ஷினியை வண்டியில் உட்காரவைத்து, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளித் தள்ளி நிறுத்தச் சொன்னேன். பேட் மேல் விரல் வைத்தேன். அங்கே இல்லை. ஃபோர்க்கில் வைத்தேன். இல்லை. பேரிங் மேல் வைத்தேன். லேசாக இருந்தது. இன்னும் கொஞ்சம் பின்னால், துணியின் மேல் உள்ளங்கையை வைத்தேன்.

டிக்.

பூச்சி கடிப்பது போல உள்ளங்கையில் பட்டது. மறுபடி தள்ளச் சொன்னேன். டிக்.

"தம்பி, இந்தத் துணிய அவுக்கணும்."

அவன் முகம் மாறியது. "ஆன்டி, அது சாமிக்குக் கட்டுனது."

"தெரியும்பா. நானும் கும்புடுறவதான். மன்னிப்புக் கேட்டுக்குவோம்."

அவன் அம்மாவைப் பார்த்தான். "நீயே அவுருய்யா. செருப்பக் கழட்டிட்டு அவுரு" என்றார் அவர். அவன் செருப்பைக் கழற்றினான். நானும் கழற்றினேன். ஏன் என்று தெரியவில்லை, தர்ஷினியும் இறங்கி ஷூவைக் கழற்றினாள். வெயிலில் சுடும் சிமெண்டுத் தரையில் நான்கு பேரும் வெறுங்காலோடு ஒரு மோட்டரைச் சுற்றி நின்றோம்.

துணி மூன்று சுற்றும் அவிழ்ந்தது. உள்ளே காய்ந்த விபூதி வெள்ளையாகப் படிந்திருந்தது. கழுத்துக் குழாய் டேங்குக்கு அடியில் ஓடும் முதுகுக் குழாயோடு சேரும் வெல்டு ஓரமாக, அந்த வெள்ளையின் நடுவில் ஒரு சிவப்புக் கோடு ஓடியது. முடி அளவு மெலிசு. என் சுண்டுவிரல் நீளம். யாரோ கூரான பேனாவால் வரைந்தது போல இருந்தது.

இரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைப் பிடிக்க எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. சிவப்புச் சாயத்தை மேலே தடவி ஊறவிடுவோம். துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியைத் தெளிப்போம். விரிசலுக்குள் இறங்கிய சாயத்தை வெள்ளைப் பொடி வெளியே இழுத்துக் கோடாகக் காட்டிவிடும். அதற்கென்று டின்னில் அடைத்து விற்கிறார்கள். இங்கே பூசாரி குங்குமத்தைக் குழைத்து வைத்திருந்தார். மழைத் தண்ணீர் அதை உள்ளே இறக்கியிருந்தது. மேலே படிந்த விபூதி அதை வெளியே இழுத்துக் காட்டியிருந்தது.

"விபூதி யாரு பூசுனா?" என்று கேட்டேன்.

"நான்தான்மா" என்றார் லோகனின் அம்மா. "வெள்ளிக்கிழமையானா வெளக்கேத்திட்டு, துணிக்குள்ள வெரல விட்டு ஒரு சிட்டிக வெப்பேன். எதுக்குக் கேக்குற?"

நான் சொன்னேன். கோட்டைக் காட்டி, அது விரிசல் என்றேன். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அது வாய் திறந்து மூடுகிறது, அந்தச் சத்தம்தான் அது, ஒரு நாள் முழுதாகப் பிரிந்தால் முன் சக்கரமும் ஹேண்டிலும் தனியாகப் போய்விடும் என்றேன். லோகன் மெல்லத் தரையில் உட்கார்ந்தான். "அம்மாவ வெச்சு ஓட்டிக்கிட்டிருந்தேன் ஆன்டி" என்றான். தர்ஷினி சற்று முன் சிரித்த முகத்தோடு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை எடுக்க மறந்துவிட்டாள்.

அவன் அம்மா மட்டும் மோட்டரின் கழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "முருகன் துணியால கட்டிப் புடிச்சிருக்கான், பாத்தியா."

துணி இரும்பைப் பிடிக்காது. அதை நான் எந்த ரிப்போர்ட்டிலும் எழுதுவேன். ஆனால் அவ்வளவு நீள விரிசலோடு, இரண்டு ஆள் எடையோடு, துறைமுகச் சாலையில் லோரிகள் உடைத்துப் போட்ட குழிகளில் அந்தக் கழுத்து எப்படி நின்றது என்று எழுத எந்த ரிப்போர்ட்டிலும் கட்டம் இல்லை. மறைத்ததும் அந்தத் துணிதான். காட்டிக்கொடுத்ததும் அதற்குள் இருந்ததுதான்.

4. இப்போது

அந்த மோட்டரை யாரும் வாங்கவில்லை. அதன் பின் லோகன் அதில் ஏறவும் இல்லை. வேறு யாரும் ஓட்டிவிடாதபடி அதன் கழுத்தை இரண்டாக அறுத்துவிட்டுத்தான் இரும்புக் கடைக்குக் கொடுத்தான். அறுத்த பிறகு எனக்குப் படம் அனுப்பினான். விரிசல் நான் நினைத்ததைவிட ஆழம்.

தர்ஷினிக்குப் புதிய மோட்டர் வந்தது. வாசலில் மோட்டர் கூடாது என்ற என் விதி போயிற்று. ஆனால் வேலை நிலைத்தது. அவள் ஃபெடரல் ஹைவேயில் ஓட்டி ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்ததாக மெசேஜ் வரும் வரை நான் அடுப்பைப் பற்றவைப்பதில்லை. புது மோட்டருக்குப் பூசை போட்ட அன்று பூசாரி மஞ்சள் துணியை எடுத்தார்.

"சாமி, துணி ஹேண்டில்ல கட்டுங்க. கழுத்துக்குக் குங்குமம் மட்டும் போதும். நல்லாக் குழைச்சு, கொஞ்சம் அதிகமாவே வைங்க."

"கழுத்துல எதுக்கும்மா அவ்ளோ?" என்றார்.

"வேண்டுதல் சாமி" என்றேன். பொய் இல்லை.

வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்கிறேன்: கும்பிட்டுக்கொள்ளுங்கள், செருப்பையும் கழற்றிக்கொள்ளுங்கள். ஆனால் அவிழ்த்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய கையோடு நான் வாசலுக்குப் போகிறேன். மோட்டரின் கழுத்தில் மேலாக இருக்கும் குங்குமத்தைத் துடைத்து, ஒரு சிட்டிகை விபூதி வைத்து, டார்ச் அடித்து, குனிந்து பார்க்கிறேன். வெள்ளையாக இருக்கிறது, சிவப்புக் கோடு இல்லை. வெள்ளையாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு உள்ளே வருகிறேன்.